தாழ்ந்து நிற்கும் காருக்கு அலைன்மெண்ட் பார்க்கும் கடை நீலகிரியில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும்போது, "அப்படியே அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவது வழக்கம். சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலையே அலைன்மெண்ட். இயல்பான உயரத்தில் நிற்கும் காருக்குப் பெரும்பாலும் அது போதும். ஆனால் ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்தப்பட்ட காருக்கும், ஆண்டுக்கணக்கில் சுமை ஏற்றி ஸ்பிரிங் தளர்ந்து தானாகவே தாழ்ந்துவிட்ட காருக்கும் அது போதாது. அத்தகைய கார்களை முறையாக அளந்து சரிசெய்யும் கடையை இம்மலையில் எப்படி அடையாளம் காண்பது என்பது குறித்து எழுத விரும்புகிறேன்.

காரைத் தாழ்த்துவதே தவறு, அதற்கு ஏன் கடை தேட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தாழ்த்துவதற்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. ஆனால் பழைய கார் வாங்குபவருக்கு முந்தைய உரிமையாளரின் ஆசைகளும் காரோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. கோயம்புத்தூரில் நான் வாங்கிய சிறிய காரும், முன்பே மாற்றப்பட்ட ஸ்பிரிங்குகளால், அதே மாடலின் மற்றக் கார்களைவிட ஏறத்தாழ 35 மி.மீ. தாழ்வாக நிற்கிறது. இத்துடன், பின் இருக்கையை மடக்கிவிட்டுக் கேரட் மூட்டை ஏற்றியே வயதாகிப்போன வேன்களையும், நாள் தவறாமல் குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஓடும் பழைய டாக்ஸிகளையும் சேர்த்துக்கொண்டால், தாழ்ந்து நிற்கும் வாகனங்கள் இளைஞர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பது விளங்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே விலக்கிவிடுகிறேன். காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளை அறுத்தோ, கேஸ் வெல்டிங் நெருப்பில் சூடாக்கி அமுக்கியோ தாழ்த்தியிருந்தால், அந்தக் காரை எந்த அலைன்மெண்ட் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். அறுத்த ஸ்பிரிங் சக்கரம் கீழே தொங்கும்போது தன் இருக்கையை விட்டு விலகக்கூடும். சூடு காட்டிய ஸ்பிரிங் தன் பதத்தை இழந்துவிடும். அசல் ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்ட பிறகுதான் மற்றப் பேச்சு.

கார் தாழும்போது நடப்பது இதுதான். இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு கொண்டது; அதாவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்குவது. வண்டியின் உடல் தாழ்ந்ததும், சக்கரத்தின் அடிப்பகுதியை உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறி, சக்கரத்தின் மேல்விளிம்பு பெரும்பாலும் உள்நோக்கிச் சாய்கிறது. இந்தச் சாய்வையே கேம்பர் என்கிறோம். உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் கேம்பர். அதே வேளையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடம்வலமாக நகரும் ஸ்டியரிங் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு என்னும் கம்பியின் சாய்வும் மாறுவதால், சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடுகிறது. இது டோ. எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பும் என்பது ராக் பொருத்தப்பட்ட இடத்தையும் காரின் வடிவமைப்பையும் பொறுத்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் காருக்குச் செய்த அளவு நம் காருக்குப் பொருந்தும் என்று எண்ண இடமில்லை.

கேம்பர் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். உண்மையில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரின் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறத்தாழ 600 மி.மீ. விட்டம் கொண்டது. முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும், முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. வேறுபடும் அளவுக்குத் திரும்பி நின்றால் அது இருநூறில் ஒரு பங்கு விலகல். அதாவது, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கப்படுகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் கால் கிலோமீட்டர் தூரம் ரப்பரை அரத்தின்மேல் இழுத்த கணக்காகிறது. இதனுடன் நெகட்டிவ் கேம்பரும் சேரும்போது, தேய்மானம் பெரும்பாலும் டயரின் உள்விளிம்பில் வந்து குவிகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் நன்றாகவே தெரியும். உள்பக்கம் கம்பி வெளிப்பட்டிருக்கும். காரின் டயர்த் தடத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் டயரின் பள்ளங்களுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. தாழ்ந்த காரில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒருபக்கம் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தால் மட்டுமே உள்விளிம்பு கண்ணில் படும். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்த சாலையில் இறங்குபவர்கள் இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பலின்றிச் செய்துவிடலாம்.

சமவெளியில் இருப்பவருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அலைன்மெண்ட் கெட்ட காரைக் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஓட்டினால், வண்டி ஒருபக்கம் இழுப்பதும், நேராகப் போகும்போது ஸ்டியரிங் சாய்ந்து நிற்பதும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பர்லியாறில் தொடங்கிக் குன்னூர் வரைக்கும் ஸ்டியரிங் நேராக நிற்கும் கணங்களே குறைவு. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும், கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளையும் கைகளால் மாறி மாறித் திருப்பிக்கொண்டே கடப்பவருக்கு, காரின் இழுப்பு எது, சாலையின் சாய்வு எது என்று பிரித்தறிய முடியாது. குறை முதலில் டயரில்தான் தெரியவரும். அப்போது டயர் போய்விட்டிருக்கும். ஆகவே "ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லையே" என்ற ஓட்டுநரின் சொல்லை வைத்துக்கொண்டு சக்கரங்கள் சரியாக இருப்பதாக முடிவுசெய்யும் கடை மலைக்கு ஏற்ற கடையன்று.

அடுத்து, கணினித் திரையில் தோன்றும் பச்சை நிறத்தைப் பற்றி. அலைன்மெண்ட் கருவியில் காரின் மாடலைத் தேர்ந்தெடுத்தவுடன், தயாரிப்பாளர் குறித்த அளவுகள் திரையில் வருகின்றன. நம் கார் அந்த எல்லைக்குள் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அந்த எல்லைகள் தொழிற்சாலை உயரத்தில் நிற்கும் காருக்கு வகுக்கப்பட்டவை. 35 மி.மீ. தாழ்ந்த காரின் கேம்பர் சிவப்பில் நிற்பது இயல்பு. பல சிறிய கார்களில் முன்பக்கக் கேம்பரைத் திருத்தத் தொழிற்சாலையில் எந்த ஏற்பாடும் வைப்பதில்லை. இந்த இடத்தில்தான் கடைக்காரரின் அறிவு வெளிப்படுகிறது. "கேம்பர் ஒன்றும் செய்ய முடியாது சார், டோ பச்சையாக்கிவிட்டேன்" என்று சொல்லி அனுப்புகிறவரும் உண்டு. ஸ்ட்ரட்டின் ஓட்டையை அரத்தால் ராவி நீட்டி, கேம்பரையும் பச்சைக்குள் தள்ளிவிடுகிறவரும் உண்டு. பின்னவரை நான் அஞ்சுகிறேன். ராவிய ஓட்டையில் போல்ட்டு இடம் பெயர்ந்தால், நடு வளைவில் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். கேம்பரைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே செய்யப்பட்ட கேம்பர் போல்ட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். கடையில் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

என் கருத்தில், மலையில் ஓடும் காருக்கு ஒரு பாகை அளவு நெகட்டிவ் கேம்பர் குறையே அன்று. வளைவுகளில் திரும்பித் திரும்பியே ஓடுவதால் நம் ஊரில் இயல்பான உயரமுள்ள கார்களின் முன் டயர்கள் வெளிவிளிம்பில் தேய்வதைப் பலரும் கண்டிருப்பார்கள். உள்ளே சற்றுச் சாய்ந்து நிற்கும் சக்கரம் வளைவில் அந்த வெளிவிளிம்பின் பாரத்தைக் குறைக்கிறது. ஆகையால் தாழ்ந்த காரின் கேம்பரை வலிந்து தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே அரைப் பாகைக்குமேல் வேறுபாடு இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முழுக் கவனத்தையும் டோவில் வைப்பதே சரி. இரண்டு பாகையைத் தாண்டினால் மட்டும் கேம்பர் போல்ட்டைப் பற்றி யோசிக்கலாம். அளவுத் தாளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: சில கருவிகள் பாகையைத் தசமத்தில் காட்டும், சில பாகையும் கலையுமாகக் காட்டும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், கலையில் 1.30 என்று காட்டுவதும் தசமத்தில் 1.5 என்று காட்டுவதும் ஒன்றே. இது தெரியாமல் இரண்டு கடைத் தாள்களை ஒப்பிட்டுச் சண்டை போட்டவர்களை நான் அறிவேன்.

நல்ல கடை கருவியை மாட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். எப்போது தாழ்த்தினீர்கள், ஸ்பிரிங் படிந்துவிட்டதா, பாரம் ஏற்றி ஓட்டுவீர்களா, எந்த டயர் எந்தப் பக்கம் தேய்கிறது என்று அவர் கேட்பார். சக்கரத்துக்கு மேலே காரின் உடலில் உள்ள சக்கர வளைவின் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரைக்கும் டேப்பால் நான்கு பக்கமும் உயரம் அளப்பார். இந்த உயரம் தாளில் எழுதப்படாவிட்டால் அடுத்த முறை ஒப்பிட ஒன்றுமில்லை; ஸ்பிரிங் மேலும் தளர்ந்து உயரம் குறைந்திருந்தால் பழைய அலைன்மெண்ட் செல்லாது. பிறகு டயர்க் காற்று. மேட்டுப்பாளையத்தில் காற்றுப் பிடித்து ஊட்டிக்கு ஏறியவரின் டயரில், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகவும், குளிரால் குறைவாகவும் காட்ட வேண்டும். இரண்டும் ஓரளவு ஈடாகிவிட்டாலும், ஓடி வந்த சூட்டையும் நினைவில் வைத்து மீண்டும் பார்ப்பதே முறை. அதன்பின் டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பார்ப்பார். ஆடும் பால் ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மெண்ட், அளப்பதற்காகக் காரை ஏற்றும் மேடையான ராம்ப்பை விட்டு இறங்கும்போதே மாறிவிடும்.

தாழ்த்திய காருக்கே உரிய ஒன்று இங்கே பலரால் தவறவிடப்படுகிறது. லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ், போல்ட்டை முறுக்கும்போது ஆர்ம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்வது. கார் தாழும்போது அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டே நிற்கும். ஸ்பிரிங் மாற்றிய பிறகு அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் பாரம் சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையிலேயே மீண்டும் முறுக்க வேண்டும். அப்படிச் செய்யாத காரில் புஷ் விரைவில் கிழியும். கிழிந்தபின் எத்தனை முறை அலைன்மெண்ட் பார்த்தாலும் நிற்காது. என் கார் முந்தைய உரிமையாளரின் கையிலேயே பலமுறை அலைன்மெண்ட் பார்க்கப்பட்டிருந்தும் டயரைத் தின்றுகொண்டிருந்ததற்கு இதுவே காரணம் என்பதைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர் கீழே படுத்துப் பார்த்துச் சொன்னார். கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தைச் சுற்றி வளர்ந்த பந்தயக் கார்ப் பழக்கம் உள்ள நகரம் அது. கேம்பர் என்றவுடன் எந்த வேலைக்கு, எந்தச் சாலைக்கு என்று திருப்பிக் கேட்கும் மெக்கானிக்குகள் அங்கே கிடைக்கிறார்கள்.

தாழ்ந்த கார் ராம்ப்பில் ஏறுவதே ஒரு வேலை. முன்பம்பர் இடிக்கும். நீண்ட மரப்பலகைகளை முன்னால் வைத்து ஏற்றும் கடை, இத்தகைய கார்களைப் பார்த்துப் பழகியது என்று கொள்ளலாம். "வேகமாக ஏற்றுங்கள், ஏறிவிடும்" என்பவரிடமிருந்து திரும்பி வந்துவிடலாம். கருவியின் வகையும் இங்கே பொருட்படுத்தத் தக்கது. சக்கரத்தில் மாட்டிய சென்சார் தலைகள் ஒன்றையொன்று குறுக்கே பார்த்து அளக்கும் பழைய வகைக் கருவியில், தாழ்ந்த பம்பர் அந்தப் பார்வையை மறைத்துவிடக்கூடும். சக்கரங்களில் பலகை போன்ற இலக்குகளை மாட்டி, முன்னால் நிற்கும் கேமரா படம் பிடிக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. எந்தக் கருவியானாலும் ரன்அவுட் எனப்படும் ரிம் கோணலைக் கழிப்பதற்குக் காரை முன்னும் பின்னும் உருட்டியோ, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றியோ அளக்கும் படியை விட்டுவிடக் கூடாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

கருவியைவிடவும் மலையில் முக்கியமானது தரைமட்டம். குன்னூரிலோ ஊட்டியிலோ சரிவில்லாத ஒரு கடைத் தரையைக் காண்பது எளிதன்று. ராம்ப் இடம்வலமாகச் சாய்ந்திருந்தால் ஒரு பக்கக் கேம்பர் கூடியும் மறுபக்கம் குறைந்தும் தெரியும். சக்கரத்தின் கீழுள்ள திருகு தட்டுகள் மண் அடைத்துச் சுழலாமல் நின்றால் டோ பொய் சொல்லும். ராம்ப்பைப் பொருத்தியவர் ரசமட்டம் வைத்துப் பார்த்தாரா, கடைசியாக எப்போது கருவியைச் சரிபார்த்தார்கள் என்று கேட்பதில் கடைக்காரர் மனம் நோக ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர் அந்தக் கேள்விக்கு மகிழவே செய்வார். மட்டமான சிமெண்ட் தரையும் பொறுமையும் இருந்தால், காரின் இருபுறமும் இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தே டோவைச் சரிபார்த்துவிடலாம். பந்தயத் தடங்களில் இன்றும் இது கைவிடப்படவில்லை. பெரிய கருவி வாங்க முதலில்லாத கோத்தகிரி, மஞ்சூர்ப் பட்டறைகள் இதையாவது முறையாகச் செய்யலாம்.

டோவைத் திருத்தும் வேலையில் ஒரு குறுக்கு வழி உண்டு. இருபுற டை ராடுகளையும் சமமாகத் திருப்பாமல், கைக்கு எட்டிய ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிவிடுவது. திரை பச்சையாகும், ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். பிறகு ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராக மாட்டிக் கொடுப்பார்கள். ஏர்பேக் உள்ள காரில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். பின்பக்கத்தைப் பொறுத்தவரை, இரு பின் சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் டார்ஷன் பீம் உள்ள சிறிய கார்களில் திருத்துவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனாலும் அளக்க வேண்டும். பள்ளத்தில் இடித்துப் பின் அச்சு கோணியிருந்தால், முன்பக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கார் சற்றுக் குறுக்காகவே ஓடும்.

தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாவட்டத்தின் அலைன்மெண்ட் கடைகள் ஒவ்வொரு காருக்கும் திருத்துவதற்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் ஒரே தாளில் அச்சிட்டு, அதில் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் கையால் எழுதித் தர வேண்டும். முந்தைய அளவு இல்லாத தாளால் பயனில்லை, ஏனெனில் எது கெட்டிருந்தது என்றே தெரியாமல் எது சரியானது என்று சொல்ல முடியாது. கருவியில் அச்சிடும் வசதி ஏற்கனவே இருக்கிறது. காகிதம் மட்டுமே செலவு. இரண்டாவதாக, அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, கருவியின் பொத்தான்களை அழுத்தக் கற்பிப்பதோடு நில்லாமல், உயரம் மாறிய காரில் கோணங்கள் எப்படி மாறுகின்றன என்பதை ஒரு பழைய காரின் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டிக் காட்டிக் கற்பிக்க வேண்டும். டாக்ஸி ஓட்டுநர் சங்கங்கள் இதைக் கேட்டால் எங்களைப் போன்ற தனியார் கேட்பதைவிட விரைவில் நடக்கும். டயர்ச் செலவில் அதிகம் இழப்பவர்கள் அவர்களே.

சில நூறு ரூபாய் அலைன்மெண்டுக்காக மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரு முழு நாளைச் செலவிட்டு இறங்கி ஏறுவதை நாங்கள் விரும்பிச் செய்யவில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் மட்டமான ராம்ப்பும், ஏற்றுவதற்கு நீண்ட பலகையும், முந்தைய அளவோடு தாளும் தரக்கூடிய கடை எதுவாயினும், கடை வாசலில் ஒரு பலகையில் அதை எழுதி வைக்கட்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் கார்களை அங்கேயே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வெலிங்டன், நீலகிரி மாவட்டம்.